கையில் இல்லாத மெடலை விட்டுக்கொடுத்த பெண்

இந்த வருடமும் ஒரு பிள்ளை மூன்று வருடப் படிப்பை முன்கூட்டியே முடிக்கப் போகிறதாம். அதற்கு மெடல் கொடுக்கலாமா, கூடாதா என்று நம் பயிலகத்தின் பரீட்சைப் பிரிவில் உங்களுக்குள் ஒரே குசுகுசுப்பாம். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிற கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முழிக்காதீர்கள். ரங்கூன் தமிழர்களிடையே ஒரு விஷயம் பரவ டெலிபோன் எதற்கு? ஞாயிறு பூசை போதும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்று தெரியும். கேளுங்கள், கெட்டுப் போய்விட மாட்டீர்கள். தாள் திருத்துவதையும் மார்க்கு கூட்டுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள், கம்ப்யூட்டர் வேறு இருக்கிறது. உங்களுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்து ‘முடியாது’ என்று சொல்வது. எங்களுக்கும் அது வரவில்லை. அதனால் வந்த கூத்தைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம். பத்தாவது முடித்த பிள்ளைகள் போக்கிடம் இல்லாமல் எங்கள் வணிகப் பயிலகத்தில் வந்து குவிந்தார்கள். பெஞ்சுக்கு நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மழை விட்டதும் வரும் கடோ நாளில் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு வணக்கம் செலுத்துவார்கள். தரையில் விழுந்து கும்பிடுகிறவர் கும்பிடுவார், நம்மவர்கள் கைகூப்பி நிற்பார்கள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. படிப்பை முடிப்பவர்களில் முதலாவதாக வந்தவருக்கு அன்று மெடல் போடுவோம். எல்லோர் சார்பிலும் முன்னால் நின்று வணக்கம் சொல்வதும் அவரே. அடுத்த பருவத்திலிருந்து உதவி ஆசிரியர் வேலையும் அவருக்குத்தான். மெடலை விட அந்த வேலைதான் பெரிது. அந்த நாளில் ரங்கூனில் படித்த பிள்ளைக்கு நாற்காலி போட்டு வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

நூர்ஜஹான் டாலாவிலிருந்து வந்தாள். தினமும் படகில் ஆற்றைக் கடந்து, தன்னைவிடப் பெரிய குடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் அத்தாவுக்கு அக்கரையில் மளிகைக் கடை. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மலேசியாவுக்குப் புறப்பட ஏற்பாடு ஆனதும் அவர் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை அவளே வந்து என்னிடம் ஒப்பித்தாள்.

“அவன் போற வரைக்கும் படி, போனப்பொறம் கடையில ஒக்காருங்கறாங்க டீச்சர். வேலைன்னு ஒண்ணு கெடைச்சா மட்டும் ரங்கூனுக்குப் போ, கடைக்கு ஆளு வச்சிக்கிறேன்னாங்க. ரெண்டாவது வருஷப் பரீட்சையும் மூணாவது வருஷப் பரீட்சையும் ஒண்ணா எழுதிக்கட்டா?”

எங்கள் விதியில் அப்படி எழுதலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. பயிலகத்தின் தலைவரை நாங்கள் ஸாயாஜி என்போம். தங்கமான மனிதர். ‘கூடாது’ என்ற சொல் மட்டும் அவர் வாயில் நுழையாது. “எழுதும்மா, எழுது,” என்றார். அவளும் எழுதினாள். மூன்றாம் வருடத் தாள்களை மூத்த மாணவர்களோடு அதே கூடத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

அந்த மூத்த மாணவர்களில் முதலாவது அந்தோணி. அலோனில் துறைமுகத்துப் பக்கம் வீடு, எங்கள் கோயில் பிள்ளை. அமைதியானவன். மூன்று வருடமும் ஒரு வகுப்பைத் தவறவிட்டதில்லை. மெடல் மகனுக்குத்தான் என்று அவன் அம்மா பாட்டுக் குழு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

முதலில் ஒரு கூட்டம் நடந்தது. நான் அன்று இல்லை, த்வாண்டேயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மூன்று வருடம் படித்தவர்களின் மார்க்கெல்லாம் வந்துவிட்டன, நூர்ஜஹானின் தாள்கள் தனிக்கட்டாக இன்னும் திருத்தலில் கிடந்தன. “அந்தோணிக்குக் குடுத்துரலாமா?” என்று ஸாயாஜி கேட்டிருக்கிறார். ஒருவரும் பேசவில்லை. நிறைவேறிவிட்டது. ஸாயாஜி அன்றைக்கே அந்தோணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது கூட்டம். அதற்கு நான் இருந்தேன். முதல் கூட்டத்து முடிவை யாரும் என் காதில் போட்டிருக்கவில்லை. நூர்ஜஹானின் மார்க்கு வந்திருந்தது. அந்தோணியை விட நன்றாகவே மேலே. கணக்குப் பாடம் எடுக்கும் டோ கின் எழுந்து, “முதலாவதாக வந்திருப்பது இந்தப் பெண்தான், இவளுக்குக் கொடுக்கலாமா?” என்று பர்மியத்தில் கேட்டார். நான் மட்டும் “கொடுக்கலாம்” என்று வாய்விட்டுச் சொன்னேன். மற்றவர்கள் பேசவில்லை. ஸாயாஜியும்தான். அதுவும் நிறைவேறிவிட்டது. டோ கின் அன்றைக்கே நூர்ஜஹானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

ஒரே மெடல். இரண்டு பேருக்கு ஏகமனதாகக் கொடுத்தாகிவிட்டது! வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் மேசையைத் தட்டியிருப்பார். நம் ஊர் நோய்க்குப் பெயர்தான் உங்களுக்குத் தெரியுமே, ஆனாடே. அடுத்தவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது. டோ கின்னின் முகம் வாடிவிடும் என்று ஸாயாஜி பேசவில்லை. ஸாயாஜி பேசாததால் பழைய முடிவை அவரே விட்டுவிட்டார் என்று டோ கின் நினைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு இருவர் மேலும் ஆனாடே. நல்லவர்களாகச் சேர்ந்து இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

குட்டு ஒத்திகை அன்று உடைந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, “மெடல் வாங்குறவங்க முன்னாடி வாங்க,” என்றேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தோணி வந்தான். அந்தப் பக்கத்திலிருந்து நூர்ஜஹான் வந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திரும்பி ஸாயாஜியைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோ கின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது நூர்ஜஹான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “அந்தோணி அண்ணன் நிக்கட்டும் டீச்சர். எனக்கு வேணாம். அவங்கதானே மூணு வருஷம் படிச்சாங்க,” என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அடடா, அந்த நிமிடம் எங்கள் ஆசிரியர்கள் விட்ட பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும்! ஸாயாஜிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “என்ன மனசு பாத்தீங்களா அந்தப் புள்ளைக்கு! பிரச்சினை தீந்துச்சு,” என்று என் காதில் சொன்னார். அந்தோணி மறுப்புச் சொல்லவில்லை. தலை குனிந்து நின்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

நான் நூர்ஜஹானின் கையைப் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். விட்டால் துணி கிழிந்துவிடும் போலிருந்தது. இந்த மெடல் போனால் வேலை போகும், வேலை போனால் அக்கரைக் கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். ஸாயாஜிக்கும் தெரியும். அவளுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். எனக்கு வந்ததே கோபம்! ஒத்திகையைக் கலைத்துவிட்டு ஆசிரியர்கள் அத்தனை பேரையும் அறைக்குள் வரச்சொன்னேன். வயதில் மூத்தவர்களையும்தான்.

“பிரச்சினை எங்க தீந்துச்சு?” என்றேன். “அவகிட்ட நாம எதையும் குடுக்கல. குடுக்காத ஒண்ணை அவ எப்படி விட்டுக்குடுப்பா? மொதல்ல அது யாரோடதுன்னு முடிவு பண்ணுங்க. அவளோடதுன்னு ஆனப்பொறம் அவ குடுத்தா, அது பெருந்தன்மை. இப்ப குடுத்தது பயம். ஒரு பொண்ணு பயந்து சொன்னதை வச்சு நாம தப்பிச்சுக்கப் பாக்கறோம்.”

ஸாயாஜி மெல்லச் சொன்னார், “ஸ்டெல்லா, கொஞ்சம் மெதுவா. வெளிய கேக்கும்.”

“கேக்கட்டும்!” என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. கெட்டிலை வாங்கி என் நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காரணத்தோடு சொன்னால்தான் தேநீர், பேசாமல் இருப்பது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை என்று அறிவித்துவிட்டேன். டோ கின்னுக்குத் தேநீர் இல்லாமல் தலைவலி வரும். அவர்தான் முதலில் பேசினார். “இருவருக்கும் ஆளுக்கு ஒரு மெடல் போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்டார்.

“போடலாம். வேலை ஒண்ணுதானே இருக்கு? அதை எப்படி ரெண்டா வெட்டுவீங்க?” என்றேன்.

வணிகச் சட்டம் எடுக்கும் ஊ ஹ்லா அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியவர் அல்ல. அன்று பேசினார், நன்றாகவே பேசினார். அந்தப் பெண் அந்தோணியின் அணியைச் சேர்ந்தவளே இல்லை, ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள், அவளோடு சேர்ந்தவர்கள் அடுத்த வருடம் முடிக்கும்போது அவர்களோடுதான் அவளை ஒப்பிட வேண்டும் என்றார். அடுத்த வருடம் அவள் கடையில் இருப்பாள், அவளை முந்த அவர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாகவும் கிடைக்கும், அது என்ன போட்டி என்று கேட்டேன். அந்தோணியின் கூடத்தில், அந்தோணிக்குக் கொடுத்த அதே கேள்வியைக் கொடுத்தோம், அதே கைதான் திருத்தியது, இப்போது மட்டும் நீ வேறு அணி என்றால் எப்படி என்றேன். முன்னால் முடித்தால் மெடல் கிடையாது என்று அவளிடம் அன்றைக்கே நாம் சொன்னோமா? வாசலில் சொல்லாத நிபந்தனையை வெளியே போகும்போது சொல்வது நியாயமா?

ஊ ஹ்லா அதைக் கேட்டுக்கொண்டு, அமைதியாக ஒன்று கேட்டார். “இரண்டு வருடப் பரீட்சையைச் சேர்த்து எழுதலாம் என்று அந்தோணிக்கு நாம் சொன்னோமா? பின்னால் இருந்து ஒருவர் வந்து போட்டியிடலாம் என்றாவது சொன்னோமா?”

அந்தக் கேள்வியில் நான் ஆடிப்போனேன். சொல்லவில்லை. நூர்ஜஹானுக்குக் கேட்கத் தோன்றியது, கேட்டாள். கேட்கலாம் என்பதே அந்தோணிக்குத் தெரியாது. அவனுக்கும் நாம் அநியாயம்தான் செய்திருக்கிறோம். இதற்கு முழுப் பதில் இன்றுவரை என்னிடம் கிடையாது. அன்று சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். “அது நம்ம தப்பு. அடுத்த வருஷத்துலேர்ந்து சேர்ற எல்லாருகிட்டயும் மொத நாளே சொல்லுவோம். ஆனா நம்ம தப்புக்கு அந்தப் பொண்ணோட மார்க்கை அபராதமா கட்ட முடியாது.”

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டோ கின், நூர்ஜஹானுக்கு என்றார். தட்டச்சு, சுருக்கெழுத்து ஆசிரியர்களும் அப்படியே. ஊ ஹ்லா என் கண்ணைப் பார்த்து, “நான் ஒப்பவில்லை,” என்றார். அந்த அறையில் அதற்கு முன் ஒருவர் வாயிலும் வராத சொல்! எனக்கு எதிராகத்தான் சொன்னார், ஆனாலும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் கோப்பைத் தேநீரை அவருக்குத்தான் ஊற்றினேன்.

ஸாயாஜி கடைசி. வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “அந்தப் புள்ளைக்குத்தான் சேரணும். மார்க்கு அதைத்தான் சொல்லுது. ஆனா அந்தோணி மூஞ்சில நான் எப்படிம்மா முழிப்பேன்?”

“முழிச்சுத்தான் ஆவணும் ஸாயாஜி. வாக்குக் குடுத்தது நீங்க. கெளம்புங்க, நானும் வரேன்.”

அன்று சாயங்காலமே அலோனுக்குப் போனோம். சைக்கா ரிக்‌ஷாவில் முன்பக்கம் அவரும் பின்பக்கம் நானும், முதுகுக்கு முதுகு. அந்தோணியின் அம்மா எங்களைப் பார்த்ததும், வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து, கடோ நாளுக்காக வாங்கி வைத்திருந்த பட்டு லோஞ்சியையும் தலைப்பாகையையும் எடுத்துக் காட்டினார். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டேன். உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“நம்ம கோயில் புள்ளைய விட்டுட்டு, டாலாவுலேர்ந்து வந்தவளுக்கா?” என்றார் அந்த அம்மா. “நீயெல்லாம் ஒரு மனுஷியா ஸ்டெல்லா?”

ஸாயாஜி அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஸ்டெல்லாவை ஏசாதம்மா. அவசரப்பட்டுச் சொன்னது நான். தப்பு என்னுது.” அந்த வயதில், அத்தனை பேர் மதிக்கிற மனிதர் அதைச் சொன்னார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் அங்கேயே கரைந்து போயிற்று.

அந்தோணி கதவோரம் நின்றிருந்தான். “எவ்வளவு வித்தியாசம் டீச்சர்?” என்று கேட்டான். சொன்னேன். “பெருசுதான்,” என்றான். அப்புறம், “அவ வேணாம்னு போனப்ப நான் பேசாம நின்னுட்டேன். வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு,” என்றான். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு அவனால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்தான். கிறிஸ்துமஸுக்கு இன்றும் கேக் அனுப்புகிறான். அவன் அம்மாதான் அடுத்த ஈஸ்டர் வரை பூசையில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்தார், ஆனால் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தமாட்டார்.

இப்போது உங்கள் விஷயம். நாங்கள் வருடா வருடம் சொல்லிவந்தது எங்கள் ஓய்வோடு நின்றுபோயிற்று போலிருக்கிறது. முன்னால் முடிக்கிற பிள்ளைக்கு மெடல் கொடுங்கள், கொடுக்காமல் போங்கள், அது உங்கள் பாடு. ஊ ஹ்லா மாதிரி வேறு முடிவு எடுத்தால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். வந்தாலும் சின்னச் சண்டைதான். எது முடிவோ அதைப் பிள்ளைகள் படிப்பில் சேரும்போதே சொல்லுங்கள், வாயால் சொல்லுங்கள், யாருக்குக் கிடையாதோ அவர் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே ‘எனக்கு வேணாம்’ என்று சொல்லி உங்கள் தலைவலியைத் தீர்த்துவைக்க வந்தால், முதலில் அதன் கையைப் பாருங்கள்.

மறுநாள் நூர்ஜஹானிடம் சொல்ல அவளோடு பன்சோடான் படகுத்துறை வரைக்கும் நடந்தேன். ஆபீசில் வைத்துச் சொன்னால் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வாள். துறையில் மாலைக் கூட்டம், கூடைகளும் சைக்கிள்களும் கோழிகளுமாக. டாலா படகு வந்து அணைந்துகொண்டிருந்தது.

“மெடல் உனக்குத்தான்,” என்றேன். “எல்லாரும் வாயால சொல்லி முடிவு பண்ணியாச்சு. ஒருத்தர் ஒத்துக்கல, அதையும் தெரிஞ்சுக்கோ. அந்தோணிகிட்டயும் சொல்லியாச்சு.”

அவள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து அண்ணனுக்குக் குடுங்கன்னே. அப்ப குடுக்கறதுக்கு உன் கையில ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு. இப்பவும் குடுக்கணும்னு நெனச்சா சொல்லு, நான் இப்பவே அலோனுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன். எனக்காகவும் பாக்காத, ஸாயாஜிக்காகவும் பாக்காத.”

பலகையைப் போட்டுவிட்டார்கள், கூட்டம் ஏற ஆரம்பித்துவிட்டது. அவள் படகைப் பார்த்தாள், அக்கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“குடுக்க மாட்டேன் டீச்சர்,” என்றாள்.

சொல்லிவிட்டு, பெரிய பாவம் செய்துவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் கூடைக்காரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பலகையில் ஏறி ஓடி, படகின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலே எனக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை கத்தினாள்.

“மாட்டேன் டீச்சர்!”